கனத்த வில்லுக்கு எந்த அம்பு?

மேசையில் இரண்டு அம்புகள் கிடக்கின்றன. ஒன்று, 45 பவுண்டு வில்லில் நான் பல ஆண்டுகள் எய்தது. சீடர் மரத் தண்டு, பென்சிலைவிடச் சற்றே பருமன், சமையலறைத் தராசில் வைத்தால் 29 கிராம் காட்டுகிறது. மற்றொன்று 110 பவுண்டு வில்லுக்கானது. ஆஷ் மரம், முனைப்பக்கம் சுண்டுவிரல் தடிமன், 71 கிராம். பழகாத கண்ணுக்கு இரண்டாவது அம்பு ஈட்டியின் குட்டி போலத் தெரியும். இவ்வளவு கனத்தைச் சுமந்துகொண்டு இது எப்படிப் பறக்கும் என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். எனக்கோ முதல் அம்பைப் பற்றித்தான் பயம். அந்த 29 கிராமைத் தவறிப்போய் 110 பவுண்டு வில்லில் பூட்டிவிட்டால் என்ன ஆகும்?

வெற்று உரலில் உலக்கையை ஓங்கிப் போட்டவர்களுக்கு விடை தெரியும். உரலில் நெல் இருக்கும்வரை குத்தின் வேகத்தை நெல் வாங்கிக்கொள்கிறது. வெறும் உரல் என்றால் அந்த வேகம் உலக்கைக்கும் தோளுக்கும் திரும்பி வருகிறது. நாணில் அம்பு வைக்காமல் இழுத்து விடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதனால்தான். கனத்த வில்லில் மிக இலேசான அம்பை விடுவது, அந்தத் தவற்றைப் பாதியளவு செய்வது போன்றது.

கனத்த வில்லுக்கு அம்பு தேடும் புதியவர்கள் பெரும்பாலும் தண்டின் விறைப்பைப் பற்றியே கேட்கிறார்கள். எடையைக் கேட்பவர் குறைவு, நீளத்தைக் கேட்பவர் அதைவிடக் குறைவு. நான் இந்த வரிசையைத் தலைகீழாக வைப்பேன்: முதலில் எடை, பிறகு நீளம், அப்புறம்தான் விறைப்பு.

எது கனத்த வில்?

வில்லின் கனம் என்பது அதைத் தூக்கிப் பார்க்கும் கனமல்ல. நாணைக் குறிப்பிட்ட தூரம் பின்னுக்கு இழுத்து நிறுத்த விரல்கள் தாங்க வேண்டிய விசை அது. இழுவிசை என்று வைத்துக்கொள்வோம். உலகம் முழுவதும் இதை இன்னும் பவுண்டில்தான் சொல்கிறார்கள். ஒரு பவுண்டு 0.45 கிலோ. வில்லின்மேல் 100 பவுண்டு, 28 அங்குலம் என்று எழுதியிருந்தால், 28 அங்குலம் இழுத்த நிலையில் 45 கிலோவை மூன்று விரல்களில் தொங்கவிட்டதற்குச் சமம்.

ஒலிம்பிக்கில் எய்யும் ஆண்களின் விற்களே 50 பவுண்டை ஒட்டித்தான் இருக்கும். 70ஐத் தாண்டினால் கனத்த வில் என்று பேசத் தொடங்கலாம். 100க்கு மேலே இருப்பது பழைய போர்விற்களின் உலகம். இங்கிலாந்தின் தென்கரை அருகே 1545 ஜூலையில் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட முழு விற்களும் 3,500க்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. அந்த விற்களில் பெரும்பாலானவை 100 முதல் 185 பவுண்டு வரை இழுவிசை கொண்டவை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்று கனத்த வில் பழகுபவர்களில் பலர் அந்த அளவுகளைத்தான் முன்மாதிரியாக வைத்திருக்கிறார்கள். கப்பிகள் பூட்டிய நவீன வில்லின் கணக்கு வேறு. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்ட வில்லை இழுக்கக் கற்பது ஆண்டுக்கணக்கான வேலை. அது தனிக் கதை. உடம்பு தயாராகிவிட்டது, வில்லும் கைக்கு வந்துவிட்டது, அம்புதான் இல்லை என்ற இடத்தில் நிற்பவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் எடை

ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடுவோம். 100 பவுண்டு வில். ஓய்வில் நாண் கைப்பிடியிலிருந்து 6 அங்குலம் தள்ளி நிற்கிறது. நீங்கள் 30 அங்குலம் வரை இழுக்கிறீர்கள். நாண் நகரும் தூரம் 24 அங்குலம், அதாவது 0.61 மீட்டர். விசை பூஜ்யத்தில் தொடங்கி 100 பவுண்டு (445 நியூட்டன்) வரை சீராக ஏறுகிறது என்று கொண்டால், வில்லில் சேரும் ஆற்றல் ஏறத்தாழ 135 ஜூல்.

இது முழுவதும் அம்புக்குப் போய்ச் சேராது. நாணை விட்டதும் ஓடுவது அம்பு மட்டுமல்ல. நாணும் ஓடுகிறது, வில்லின் இரு புயங்களும் ஓடுகின்றன. அவற்றை ஓட்டவும் ஆற்றல் செலவாகிறது. பால் குளோப்ஸ்டெக் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதை எளிமையாக்கிப் பார்க்க ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு அம்போடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடுதல் எடையும் ஒட்டிக்கொண்டு ஓடுவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மெய்நிகர் நிறை என்று பெயர். அம்பு எந்த எடையாக இருந்தாலும் ஒரே வில்லுக்கு அது ஏறக்குறைய மாறாமல் இருக்கும். நமது வில்லுக்கு அதை 25 கிராம் என்று கற்பனை செய்துகொள்வோம்.

65 கிராம் அம்பை எய்தால், மொத்தம் ஓடும் 90 கிராமில் அம்பின் பங்கு 65. ஆற்றலில் 72 விழுக்காடு, 98 ஜூல் அளவுக்கு அம்போடு போய்விடும். வேகம் வினாடிக்கு 55 மீட்டர். வில்லில் தங்குவது 37 ஜூல். அதே வில்லில் 32 கிராம் அம்பை எய்தால் அம்பின் பங்கு 56 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. வேகம் 69 மீட்டர் ஆகிறது, ஆனால் வில்லில் தங்குவது 59 ஜூல். அம்பின் எடையைப் பாதியாக்கியதற்குக் கிடைத்த கூலி, கால்பங்கு கூடுதல் வேகம். அதற்குக் கொடுத்த விலை, ஒவ்வொரு எய்தலிலும் வில் ஒன்றரை மடங்கு அடி வாங்குவது.

அந்த 59 ஜூல் எங்கே போகும்? பிடித்த கையில் உதறலாக வரும். நாணின் கண்ணிகளை அறுக்கும். புயங்களின் நுனியிலுள்ள கொம்பைப் பிளக்கும். ஒட்டுப் போட்ட வில் என்றால் ஒட்டை நெகிழ்த்தும். ஒரே நாளில் எதுவும் ஆகாமல் போகலாம். முந்நூறாவது அம்பில் ஆகலாம். 45 பவுண்டு வில்லில் இந்தத் தவறு வெறும் அதிர்வோடு போய்விடும். 110 பவுண்டில் வில்லே கையில் உடையும் வாய்ப்பு உண்டு.

ஆகவே எத்தனை கிராம்? வில்லாளர்கள் இதைக் கிரெயின் என்ற பழைய அலகில் பேசுவார்கள். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. ஒரு கிராமுக்கு 15.4 கிரெயின். ஒரு பவுண்டு இழுவிசைக்கு 10 கிரெயின் அம்பு என்பது மரவிற்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு. எனக்குக் கிரெயினில் மனக்கணக்கு வராது என்பதால் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். வில்லின் பவுண்டு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி, கிராமில், கீழ் எல்லை. மூன்றில் இரண்டு பங்கு, கிராமில், நிம்மதியான எடை. 100 பவுண்டு வில் என்றால் 50 கிராமுக்குக் கீழே போக வேண்டாம், 67 கிராமை ஒட்டி இருந்தால் நல்லது. 120 பவுண்டுக்கு 60, 80. மூன்றில் இரண்டு என்பது பழைய 10 கிரெயின் கணக்குக்கு மிக நெருக்கமாகவே வருகிறது. பாதி என்பது 8 கிரெயினுக்குச் சற்றுக் குறைவு.

ஒரே மரத்தில் செதுக்கிய வில், புதிதாகச் செய்த வில், பழைய வில் ஆகியவற்றுக்கு அந்த நிம்மதியான எடையை ஒட்டியே நில்லுங்கள். கண்ணாடியிழை பூசிய வில் கொஞ்சம் பொறுக்கும். வில் செய்தவர் ஓர் எடையைச் சொல்லியிருந்தால் என் குறுக்குவழியை மறந்துவிட்டு அவர் சொன்னதைக் கேளுங்கள். ஏனென்றால் வில்லின் குலத்துக்கு ஏற்ப இது மாறும். மஞ்சூரிய வில்லின் புயநுனிகள் நீண்டு பருத்தவை. மீட்டர் நீளத்தை ஒட்டிய கனத்த அம்புகளுக்காகவே அமைந்தவை. இலேசான அம்பை வைத்தால் அந்த வில் சோம்பேறி போலத் தெரியும். துருக்கியரின் கொம்பு வில்லோ இதற்கு நேர்மாறு. நுனிகள் சிறுத்து, இலேசான அம்பை நெடுந்தூரம் விரட்டுவதற்கென்று செதுக்கப்பட்டது. இஸ்தான்புல்லின் ஓக்மெய்தான் திடலில் தொலைவுச் சாதனைகளுக்குக் கல் நட்டு வைத்தவர்கள் அவர்கள். அந்தச் சாதனைகளைப் படித்துவிட்டு மரவில்லில் இலேசான அம்பு பூட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் சரித்திரம் சொல்வார்கள். வில்லுக்குச் சரித்திரம் தெரியாது.

நீளத்தை எந்த வில்லில் அளப்பது?

வேறு எங்கும் அளக்காதீர்கள். எய்யப்போகும் அதே வில்லில் அளங்கள். இலேசான வில்லில் 31 அங்குலம் இழுப்பவர் 110 பவுண்டு வில்லில் 29உடன் நின்றுவிடுவது சர்வ சாதாரணம். தோள் இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான். 100 பவுண்டு வில்லில் ஒவ்வோர் அங்குலமும் சராசரியாக 4 பவுண்டுக்கு மேல் சேர்க்கிறது. ஆக 2 அங்குலம் குறைவாக இழுப்பவர் உண்மையில் 100 பவுண்டு வில்லை எய்யவில்லை, 90ஐ ஒட்டியே எய்கிறார். அம்பையும் அந்த 90க்கு ஏற்றபடி பார்க்க வேண்டும்.

சிக்கல் அடுத்த ஆறு மாதத்தில் வருகிறது. தோள் திறக்கிறது, இழுப்பு நீள்கிறது. 29 அங்குலத்துக்கு ஒட்ட வெட்டிய அம்பின் முனை ஒருநாள் வில்லைத் தாண்டி உள்ளே வந்து, பிடித்த கைக்குப் பின்னால் விழுகிறது. அந்த நிலையில் நாணை விட்டால் அம்பு எங்கே போகும் என்று எழுத எனக்கு மனமில்லை. இப்போதைய இழுப்புக்கு மேல் 2 அங்குலம் தாராளமாக விட்டு வெட்டுங்கள். கட்டைவிரலில் வளையம் போட்டுக் காதுக்குப் பின்வரை இழுக்கும் ஆசிய முறை என்றால் இழுப்பே 32, 33 அங்குலத்துக்குப் போகும். அதற்கேற்ற நீளத்தில் தண்டு கிடைக்கிறதா என்று வில் வாங்குமுன்பே பார்த்துவிடுவது நல்லது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 32 அங்குலத் தண்டு அவர்களுக்குப் போதாது.

விறைப்பு

இப்போது எல்லோரும் முதலில் கேட்கும் கேள்விக்கு வருவோம்.

மரபு வில்லில் அம்பு வில்லின் நடுவே போவதில்லை. கைப்பிடியின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. நாணோ நடுக்கோட்டில் ஓடுகிறது. ஆகவே நாணை விட்டதும் அம்பின் வால் நடுக்கோட்டை நோக்கித் தள்ளப்படுகிறது. தலையைக் கைப்பிடி ஒதுக்குகிறது. இடையில் மாட்டிக்கொண்ட தண்டு வளைகிறது, மறுபக்கம் வளைகிறது, மீன் நீந்துவதைப் போலக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. சில மீட்டர் தூரத்துக்குள் நெளிவு அடங்கி நேராகப் பறக்கிறது. இந்த நெளிவின் வேகம் வில்லின் வேகத்தோடு பொருந்த வேண்டும். தண்டு எவ்வளவு எளிதில் வளையும், எவ்வளவு மறுக்கும் என்பதே விறைப்பு. வில்லாளர்கள் ஸ்பைன் என்பார்கள்.

மரத்தண்டின் விறைப்பை வீட்டிலேயே அளக்கலாம். 26 அங்குல இடைவெளியில், அதாவது 66 சென்டிமீட்டரில், இரண்டு ஆணிகள். அவற்றின்மேல் தண்டு. நட்டநடுவில் 2 பவுண்டு, அதாவது 907 கிராம், தொங்கவிட வேண்டும். தண்டு நடுவில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 660ஐ அந்த மில்லிமீட்டர் எண்ணால் வகுத்தால் விறைப்பு பவுண்டில் கிடைக்கும். 13.2 மில்லிமீட்டர் இறங்கினால் 50 பவுண்டு விறைப்பு. 6.6 இறங்கினால் 100. 5.5 என்றால் 120.

அந்தக் கடைசி இரண்டு எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். 100க்கும் 120க்கும் இடையே ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பள்ளிக்கூட அளவுகோலை வைத்து அளந்தால் கண் சாய்ந்து பார்த்ததிலேயே அந்த மில்லிமீட்டர் போய்விடும். நான் முதலில் அளந்து தரம்பிரித்த ஒரு டஜன் தண்டுகள் அப்படித்தான் பாழாயின. ஒரே கட்டில் 95ம் 125ம் கலந்து கிடந்ததைப் பின்னால்தான் கண்டுபிடித்தேன். முள் சுழலும் அளவுமானி இருந்தால் நல்லது. இல்லையென்றால் எடையை இரட்டிப்பாக்கி 1,814 கிராம் தொங்கவிட்டு, இறங்கிய அளவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். பிழையும் கூடவே பாதியாகும்.

கார்பன் தண்டில் எழுதியிருக்கும் எண் வேறு மொழி பேசுகிறது. அங்கே ஆணிகளுக்கிடையே 28 அங்குலம், எடை 1.94 பவுண்டு. இறக்கத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலமாக அப்படியே எழுதிவிடுவார்கள். ஆகவே எண் சிறியதாக இருந்தால் தண்டு விறைப்பானது. மரக் கணக்குக்கு மாற்றிச் சொன்னால் கார்பன் 500 என்பது 63 பவுண்டு விறைப்பு. 300 என்பது 105. 250 என்பது 126. மரத்தில் பெரிய எண் விறைப்பு, கார்பனில் சிறிய எண் விறைப்பு. இதைக் குழப்பிக்கொண்டு 110 பவுண்டு வில்லுக்கு 500 வாங்கி வந்தவர்கள் உண்டு.

சரி, 100 பவுண்டு வில்லுக்கு 100 பவுண்டு விறைப்புத்தானா? ஏறக்குறைய அங்கிருந்து தொடங்கலாம். பிறகு சில திருத்தங்கள். வில்லுக்கேற்ற விறைப்பைச் சொல்லும் அட்டவணைகள் 28 அங்குல அம்பை மனத்தில் வைத்துப் பேசுகின்றன. அம்பு அதைவிட நீளும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் தண்டு 5 பவுண்டு தளர்ந்ததுபோல் நடந்துகொள்ளும் என்பது பொதுக்கணக்கு. முனை கனமானாலும் தண்டு தளர்ந்ததுபோல் நடக்கும். கைப்பிடி தடிமனாக இருந்தால் அம்பு அதிகம் வளைந்து சுற்றிவர வேண்டும். அப்போது கொஞ்சம் தளர்ந்த தண்டே பொருந்தும். இவை ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால், கடைசியில் நீங்கள் வந்து நிற்கும் எண் பல நேரங்களில் தொடங்கிய எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இலேசான வில்லில் தளர்ந்த தண்டு குறி தவறும். கனத்த வில்லில் அது குறி தவறுவதோடு நிற்காது, வில்லை விட்டு வெளியேறும் கணத்திலேயே உடையலாம். உடைந்த பின்பாதி பிடித்த கையை நோக்கி வரலாம். ஆகவே சந்தேகம் வந்தால் விறைப்பான பக்கம் சாயுங்கள். கொஞ்சம் விறைப்பு கூடினால் வலக்கைக்காரருக்கு அம்பு இடப்பக்கம் ஒதுங்கும், கைப்பிடியில் உரசல் தடம் விழும். அந்தத் தொந்தரவோடு வாழலாம். கட்டைவிரலால் இழுப்பவர்கள் அம்பை வில்லின் மறுபக்கத்தில் வைப்பதால் அவர்களுக்கு இடமும் வலமும் மாறும்.

இதில் ஒரு கண்கட்டு உண்டு. மிகத் தளர்ந்த தண்டு கைப்பிடியில் மோதித் தெறித்து, விறைப்பான அம்பைப் போலவே இடப்பக்கம் போகும். இடப்பக்கம் போகிறதே என்று இன்னும் தளர்ந்த தண்டை எடுப்பவர் நேராக ஆபத்துக்குள் நடக்கிறார். அளந்த எண்ணை நம்புங்கள், பிறகு குறிப்பலகையைப் பாருங்கள்.

மரமும் தடிமனும்

கடைகளில் விறைப்பு எழுதிக் கிடைக்கும் மரத்தண்டுகள் பெரும்பாலும் 70, 80 பவுண்டோடு நின்றுவிடும். அதற்கு மேலே தடிமனையும் மரத்தையும் வைத்துத்தான் தேட வேண்டும். இங்கே இயற்கை நமக்குச் சாதகமாக இருக்கிறது. உருண்டைத் தண்டின் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது, எடையோ இரண்டாம் அடுக்கில்தான் ஏறுகிறது. 8.7 மில்லிமீட்டர் தண்டை அதே மரத்தில் 12.7 மில்லிமீட்டராக்கினால் எடை இரண்டு மடங்கு, விறைப்பு நாலரை மடங்கு. அரை அங்குலத் தண்டுகள் போர் அம்புகளின் அடையாளமானதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

மரத்தைத் தேர்வது முன்பு சொன்ன எடைக் கணக்கோடு நேராக இணைகிறது. 30 அங்குல நீளமும் அரை அங்குலத் தடிமனும் கொண்ட ஆஷ் தண்டு 60 கிராமைத் தாண்டும். அதே அளவில் பாப்லர் 40 கிராமை ஒட்டியே நிற்கும். 120 பவுண்டு வில்லுக்கு 80 கிராம் வேண்டும் என்றால் ஆஷ் தண்டும் முனையும் இறகும் சேர்ந்தே அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். 80 பவுண்டு வில்லுக்கு அது தேவையற்ற பாரம். பாப்லரோ ஒல்லியான பிர்ச்சோ போதும். ஸ்ப்ரூஸ் எடைக்கு நல்ல விறைப்பு தரும். சீடரின் மணம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் 100 பவுண்டுக்கு மேல் அதை நான் நம்புவதில்லை.

இந்த ஆஷா, பாப்லரா என்ற வாக்குவாதம் பழையது. மேரி ரோஸ் மூழ்கிய அதே 1545இல் ஆங்கில அறிஞர் ரோஜர் ஆஸ்கம் வில்வித்தையைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். போர் அம்புகளை இப்போது செய்வதுபோல் ஆஸ்ப் மரத்தில் செய்யாமல் நல்ல ஆஷ் மரத்தில் செய்வதே மேல் என்று அதில் குறைப்பட்டுக்கொள்கிறார். ஆஸ்ப் பாப்லரின் இனம். அந்தக் கப்பலின் அம்புகளைச் சோதித்தபோது பெரும்பாலானவை பாப்லர் என்றே தெரியவந்தது. அவர் குறை வெறும் புலம்பல் இல்லை என்று கடலடியிலிருந்து சாட்சி வந்தது. இருந்தாலும் ஒரு போர்க்கப்பல் பாப்லரை நம்பி ஏற்றிச் சென்றது என்பதும் அதே சாட்சியில்தான் இருக்கிறது.

எந்த மரமானாலும் வரி பார்த்து வாங்குங்கள். தண்டை வெளிச்சத்தில் சுழற்றினால் மரத்தின் வரிகள் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஓட வேண்டும். பாதி வழியில் சரிந்து பக்கத்தில் வெளியேறினால், அந்த இடத்தில்தான் ஒருநாள் பிளக்கும். 45 பவுண்டு வில்லில் இப்படிப்பட்ட தண்டை நான் மன்னித்திருக்கிறேன். கனத்த வில்லுக்கு அதை எடுப்பதில்லை. முடிச்சு தெரிந்தாலும் எடுப்பதில்லை.

தண்டு ஒரே தடிமனில் இருக்க வேண்டும் என்பதில்லை. முனையில் அரை அங்குலமாகத் தொடங்கி நாண் பக்கம் 9.5 மில்லிமீட்டராக மெலிந்து வரும் வடிவம் கனத்த வில்லுக்கு மிகவும் பொருந்துகிறது. வளைவின் சுமையைத் தாங்கும் முன்பாதி பருமனாக இருக்கிறது. வால் மெலிந்திருப்பதால் இறகு கைப்பிடியை உரசாமல் தாண்டுகிறது.

கார்பன் தண்டு எடுத்தால் எடையைச் சேர்க்கத் தனியாக வழி தேட வேண்டும்: கனத்த முனை, உள்ளே பித்தளைச் செருகி. முனையில் சேர்க்கும் ஒவ்வொரு கிராமும் தண்டைத் தளர்த்தும் என்பதை மறக்காமல் அதற்கேற்ற விறைப்பில் தொடங்குங்கள். தயாரிப்பாளர் குறித்திருக்கும் இழுவிசை எல்லையையும் தாண்டாதீர்கள். கார்பன் உடைந்தால் ஊசி ஊசியாகப் பிரியும்.

வாலில் இரண்டு விஷயங்கள்

நாண் வந்து தள்ளும் பள்ளம் அம்பிலேயே மிகச் சின்ன இடம். முழு விசையும் அங்கேதான் விழுகிறது. ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் தொப்பி இலேசான வில்லுக்குச் சரி. கனத்த வில்லுக்குப் பள்ளத்தைத் தண்டிலேயே வெட்டி வலுவூட்டுவது நல்லது. பழைய ஆங்கில அம்புகளில் தண்டின் வாலில் முதலில் ஒரு நீண்ட பிளவு வெட்டி, அதில் மெல்லிய கொம்புச் சில்லை ஒட்டி, பிறகு அதற்குக் குறுக்கே நாண் பள்ளத்தை அறுத்தார்கள். நாண் மரத்தில் மோதாமல் கொம்பில் மோதும். கீழே நூல் சுற்று ஒன்றும் வேண்டும். பள்ளம் மரத்தின் வளர்வளையங்களுக்குக் குறுக்காக வர வேண்டும். இணையாக வெட்டினால் நாணே ஆப்பாகி வரியோடு பிளந்துவிடும்.

இன்னொன்று இறகு. கனத்த அம்பைத் திருத்தி நேராக்க நீண்ட இறகு தேவை: 6, 7 அங்குலம் அதிகமல்ல. வாத்தோ வான்கோழியோ, ஒரே அம்பில் ஒரே பக்கச் சிறகின் இறகுகளாக இருக்கட்டும். பிளாஸ்டிக் வேண்டாம், மடங்கிக் கொடுக்காமல் கைப்பிடியில் மோதி அம்பை உதைத்துவிடும்.

அம்பைத் தாங்கும் தட்டு இல்லாத வில்லில் அம்பு, வில்லைப் பிடித்த கையின் முட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறது. விட்டதும் இறகுகள் அந்தத் தோலை உரசிக்கொண்டே போகின்றன. என் முதல் கனத்த அம்புகளை ஒரு கடையில் கட்டி வாங்கினேன். பார்க்க அழகு, பசை பளபளப்பு. ஆனால் இறகுத்தண்டின் முன்நுனி மரத்தை விட்டு ஒரு மயிரிழை எழும்பி நின்றதை நான் பார்க்கவில்லை. நாலாவது அம்பில் ஆள்காட்டி விரலின் மூட்டுக்கு மேலே ஒரு கோடு சிவந்தது; ஏழாவதில் அதே இடத்தில் நீளவாக்கில் கிழிந்தது. இப்போது ஒவ்வோர் இறகின் முன்நுனியையும் நூலால் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, மேலே பசை தடவி, காய்ந்ததும் விரலால் பின்னோக்கித் தடவிப் பார்க்கிறேன். நகத்தில் எதுவும் சிக்கக் கூடாது. முடிந்தால் இறகின் நீளம் முழுவதும் இடைவெளி விட்டு நூல் சுற்றுங்கள். மேரி ரோஸ் அம்புகளிலும் அப்படித்தான் சுற்றியிருக்கிறார்கள்.

மூன்று அம்புகள் போதும்

முதலில் ஒரு டஜன் வாங்காதீர்கள். ஒரே எடையில் மூன்று செய்யுங்கள், அல்லது செய்து வாங்குங்கள். இறகில்லாத வெறும் தண்டை எய்து விறைப்பைச் சோதிக்கும் முறையை இலேசான வில்லில் கற்றிருப்பீர்கள். கனத்த வில்லில் அதைச் செய்யாதீர்கள். வெறும் தண்டு பக்கவாட்டில் திரும்பிக் குறிப்பலகையில் விழுந்தால் அந்த வேகத்துக்கு ஒடிந்துவிடும். இறகோடே, பத்து மீட்டரில், பெரிய வைக்கோல் குறிப்பலகையில் எய்யுங்கள். கூட ஒருவரைப் பின்னால் நிறுத்தி, அம்பின் வால் எந்தப் பக்கம் ஆட்டம் போடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்க முயன்றால் இழுப்பு கெடும்.

ஒவ்வோர் எய்தலுக்கும் முன் அம்பைக் காதருகே பிடித்து, முகத்தை விட்டு விலக்கி, இலேசாக வளையுங்கள். டிக்கென்று ஒரு சத்தம் கேட்டாலும் அந்த அம்பு முடிந்தது. கார்பன் என்றால் முறுக்கியும் பாருங்கள். கல்லிலோ மரத்திலோ மோதிய அம்பை, கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும், கனத்த வில்லில் மறுபடி பூட்டுவதில்லை என்று நான் வைத்திருக்கிறேன். அவை என் 45 பவுண்டு வில்லுக்குக்கூட ஆகாது. தோட்டத்தில் கொடிகளுக்குக் கொம்பு ஊன்ற உதவுகின்றன.

உடைந்த தண்டை உடனே வீசிவிடாமல் உடைந்த இடத்தைப் பாருங்கள். நீண்டு சரிந்து பென்சில் சீவியதுபோல் உடைந்திருந்தால் வரி சரிந்த மரம்; அதே கட்டிலுள்ள மற்றத் தண்டுகளையும் வெளிச்சத்தில் சுழற்றுங்கள். குறுக்கே கேரட் முறிந்ததுபோல் சட்டென்று முறிந்திருந்தால் மரம் ஏற்கெனவே நைந்துபோனது, அல்லது முன்பே எங்கோ அடிபட்டது. முனைக்கு உடனே பின்னால் முறிந்திருந்தால் பெரும்பாலும் குறிப்பலகையின் குற்றம். நாண் பள்ளத்திலிருந்து பிளந்திருந்தால் நாணை எடுத்து அந்தப் பள்ளத்தில் பொருத்திப் பாருங்கள்: கனத்த வில்லின் நாண் தடிமன். பழைய அளவில் வெட்டிய பள்ளத்தில் அது இறுக்கிக்கொண்டு உட்காரும்.